மணிலா மேயர் பதவி: உட்கார வைப்பவர் யார், எழுப்பிவிடுபவர் யார்?

பிலிப்பைன்ஸ் அரசியல் செய்திகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காது. குடியரசுத் தலைவராக இருந்து பதவி பறிபோன ஒருவர், சில ஆண்டுகள் கழித்து மேயர் தேர்தலில் நின்று வெல்கிறார். இன்னொரு ஊரின் மேயர் நேரே குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போகிறார். அப்படி என்னதான் இருக்கிறது அந்த மேயர் நாற்காலியில்? தலைநகர் மணிலாவின் கதையை எடுத்துக்கொண்டால் விடை கிடைக்கும். அதற்காக இருபத்தைந்து மேயர்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு காலகட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனால் போதும்: இவரை உட்கார வைத்தது யார், எழுப்பிவிடக்கூடியவர் யார்?

முதலில் ஒரு தெளிவு. ‘மணிலா’ என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் மெட்ரோ மணிலாவை. அது 16 நகரங்களும் பாட்டெரோஸ் என்ற ஒரு சிற்றூராட்சியும் சேர்ந்த பெருநகரப் பகுதி. அந்த 16 நகரங்களில் ஒன்றுதான் மணிலா நகரம். சுமார் 43 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 18 லட்சத்து 46 ஆயிரம் பேர். மணிலா மேயரின் அதிகாரம் இந்த எல்லைக்குள்தான். வணிகக் கோபுரங்கள் நிற்கும் மக்காத்திக்கு வேறு மேயர், மக்கள்தொகையில் மணிலாவைவிடப் பெரிய கெசோன் சிட்டிக்கு வேறு மேயர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மேயர் கிடையாது. மெட்ரோ மணிலா வளர்ச்சி ஆணையம் என்று ஒன்று உண்டு. போக்குவரத்து, வெள்ளத்தடுப்பு போன்றவற்றைக் கவனிக்கும் அதன் தலைவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்.

ஸ்பானியர் காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1571 ஜூன் 24 அன்று மிகுவேல் லோப்பஸ் டி லெகாஸ்பி மணிலாவை ஸ்பானிய நகரமாக அறிவித்து, ஒரு நகர அவையையும் அமைத்தார். இரண்டு நீதித்துறைத் தலைவர்கள், பன்னிரண்டு உறுப்பினர்கள், ஒரு காவல் அதிகாரி, ஓர் எழுத்தர். இன்றைய மேயர் என்று சொல்லத்தக்க ஒற்றை ஆள் அதில் இல்லை. அந்த அவையின் ஆட்சியும் முக்கியமாக மதிலுக்குள் இருந்த இன்ட்ராமுரோஸ் பகுதிக்குத்தான். மதிலுக்கு வெளியே டோண்டோ, பினோண்டோ, சாந்தா குரூஸ், கியாபோ என்று கிடந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள். பினோண்டோவில் உள்ளூர் மக்களுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், சீனக் கலப்பினத்தாருக்கு ஒருவர் என்று ஒரே ஊருக்குள்ளேயே தலைமை பிரிந்து கிடந்தது. இடையில் 1762இல், நம் சென்னையிலிருந்து கப்பலேறிய ஆங்கிலேயப் படை சிப்பாய்களோடு வந்து நகரைப் பிடித்து, 1764 வரை வைத்திருந்தது. அது தனிக் கதை.

மணிலா மேயர் பதவியின் உண்மையான தொடக்கம் 1901. மூன்றாண்டுகளுக்கு முன்பு நகரைப் பிடித்திருந்த அமெரிக்கர்கள், 1901 ஜூலை 31 அன்று 183ஆம் எண் சட்டத்தை இயற்றி, மதிலுக்குள் இருந்ததையும் வெளியே இருந்த ஊர்களையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். இப்படி ஒரு நகரத்துக்கென்றே தனியாக இயற்றப்படும் சட்டத்தை நகர சாசனம் என்பார்கள். பிலிப்பைன்ஸில் ‘நகரம்’ என்பது வெறுமனே பெரிய ஊரைக் குறிக்காது. அது ஒரு சட்டத் தகுதி. நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும், பின்னர் அந்த ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் தர வேண்டும். சொந்த வருவாய், மக்கள்தொகை, பரப்பு ஆகியவற்றுக்கு வரம்புகள் உண்டு. இப்போது அப்படித் தகுதி பெற்ற நகரங்கள் 149.

1901 சாசனம் மணிலாவின் நிர்வாகத்தை ஒரு நகராட்சி வாரியத்திடம் கொடுத்தது. அதன் தலைவர் அர்செனியோ குரூஸ் எர்ரேராவைத்தான் இன்று முதல் மேயராகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அமெரிக்க ஆட்சி நியமித்தது. அவருக்குப் பின் வந்த பெலிக்ஸ் ரோஹாஸ் 1905 முதல் 1917 வரை இருந்தார். அவரும் நியமனம்தான். காலப்போக்கில் வாரிய உறுப்பினர்களை நகர வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். மேயர் நாற்காலி மட்டும் மேலிடத்தின் கையிலேயே இருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் அப்படியே இருந்தது.

மேலிருந்து வந்த அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1918இல் நடந்த ஒரு சம்பவம் போதும். அப்போதைய மேயர் ஹுஸ்டோ லுக்பான், தொழிலால் மருத்துவர். நகரில் பாலியல் தொழிலை ஒழித்தே தீருவது என்று முடிவு கட்டினார். சம்பாலோக் பகுதியில் கார்டீனியா தெருவில் இருந்த விடுதிகளை மூடினார். அங்கிருந்த பெண்களை அக்டோபர் 16 முதல் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்துக் காவல் போட்டார்கள். அக்டோபர் 25 இரவு போலீஸ் வண்டிகள் வந்தன. சுமார் 170 பெண்களை ஏற்றிக்கொண்டு போய், காத்திருந்த இரண்டு நீராவிக் கப்பல்களில் அடைத்தார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. உடைமைகளை எடுத்துக்கொள்ளவும் அவகாசம் இல்லை. அக்டோபர் 29 அன்று கப்பல்கள் போய் நின்ற இடம், நாட்டின் தென்கோடியில் இருக்கும் டாவாவ். தோட்ட வேலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி அந்த மாகாண ஆளுநரும் தோட்ட முதலாளிகளும் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள்.

உறவினர்கள் ஆட்கொணர்வு மனுவோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். மேயர் தரப்பின் வாதம் வேடிக்கையானது: பெண்கள் இப்போது மணிலாவில் இல்லை, மேயரின் அதிகாரம் மணிலாவுக்கு வெளியே செல்லாது, ஆகவே அவர்களைக் கொண்டுவர அவரால் இயலாது. அனுப்பும்போது குறுக்கே வராத எல்லை, திரும்ப அழைக்கச் சொன்னதும் குறுக்கே வந்துவிட்டது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு குடிமகளை அவள் வசிக்கும் ஊரிலிருந்து வேறோர் ஊருக்குத் துரத்த எந்தச் சட்டமும் மேயருக்கு அதிகாரம் தரவில்லை என்று 1919 மார்ச்சில் தீர்ப்பளித்தது. முதல் உத்தரவுக்குக் கீழ்ப்படியாத அவமதிப்புக்காக லுக்பானுக்கு 100 பெசோ அபராதம். அந்தப் பெண்கள் பட்டதற்கு 100 பெசோ எந்த மூலைக்கு? ஆனாலும் பிலிப்பைன்ஸ் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் முதலில் படிக்கும் வழக்குகளில் இது ஒன்று. லுக்பான் 1920 வரை மேயராகத் தொடர்ந்தார். அவரை வீட்டுக்கு அனுப்ப வாக்காளர்களுக்கு வழியில்லை, ஏனென்றால் அவரை உட்கார வைத்தது அவர்கள் அல்ல.

நியமன மேயரின் மறுபக்கம் 1923இல் தெரிந்தது. மணிலா போலீஸில் சூதாட்டத் தடுப்புப் பிரிவைப் பார்த்துவந்த ரே கான்லி என்ற அமெரிக்கத் துப்பறிவாளர் மீது லஞ்சப் புகார் எழுந்தது. மேயர் ராமோன் பெர்னாண்டஸும் உள்துறைச் செயலர் ஹோசே லாரெலும் அவரை வெளியேற்ற விரும்பினார்கள். அமெரிக்கத் தலைமை ஆளுநர் லெனார்ட் வுட், கான்லியை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னார். தன் நகரத்துப் போலீஸ்காரர் ஒருவரைக்கூடத் தன்னால் நீக்க முடியாது என்றால் மேயர் என்ற பெயர் எதற்கு? லாரெலும் பெர்னாண்டஸும் பதவி விலகினார்கள். பின்னாலேயே பிலிப்பைன்ஸ் அமைச்சரவையும் கூண்டோடு விலகியது. ஒரு நகரத்தின் போலீஸ் விவகாரம் நாட்டின் அரசியல் நெருக்கடியாகிவிட்டது.

1935இல் சுயாட்சி வந்து மானுவல் கெசோன் குடியரசுத் தலைவரானார். நியமன அதிகாரம் அமெரிக்கரிடமிருந்து அவர் கைக்கு வந்ததே தவிர, கீழே இறங்கவில்லை. இறக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை. 1939இல் தன் பெயராலேயே கெசோன் சிட்டியை உருவாக்கியபோது, தான் மனத்தில் வைத்திருந்த ஆள் வந்து சேரும்வரை சில வாரங்கள் தானே அதன் மேயராகவும் இருந்தார். நாட்டுக்கும் தலைவர், புது நகரத்துக்கும் மேயர்!

போர்க் காலத்தை ஓரிரு வரிகளில் சொல்லிவிடலாம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கியபோது கெசோன் தன் செயலர் ஹோர்ஹே வர்காஸை ‘பெரு மணிலா’வின் மேயராக்கிவிட்டுக் கொரெகிடார் தீவுக்குப் போனார். மணிலாவோடு சுற்றியிருந்த ஊர்களையும் இணைத்த ஏற்பாடு அது. ஜனவரி 2 அன்று ஜப்பானியப் படை உள்ளே வந்தபோது நகரை ஒப்படைக்க அங்கே இருந்தவர் வர்காஸ். 1945இல் நடந்த மீட்புப் போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். இன்ட்ராமுரோஸில் இருந்த பழைய நகர அவைக் கட்டடமும் அழிந்தது. 1946இல் நாடு விடுதலை பெற்றது. மணிலா மேயரை மட்டும் அப்போதும் குடியரசுத் தலைவரே நியமித்துக்கொண்டிருந்தார்.

திருப்பம் 1951இல் வந்தது. 1949இல் புதிய சாசனம், பின்னர் அதற்குத் திருத்தம், அதன் பிறகு மேயர் பதவிக்கு நேரடித் தேர்தல். பதவியில் இருந்த மானுவல் டி லா புவென்டேயைத் தோற்கடித்து வென்றவர் அர்செனியோ லாக்சன். பத்திரிகையாளர், கால்பந்து வீரர், நாடாளுமன்ற உறுப்பினர்; எல்லாவற்றுக்கும் மேலாக, வானொலியில் யாரையும் விட்டுவைக்காமல் விளாசுகிறவர். கறுப்புக் கண்ணாடியும் கெட்ட வார்த்தையும் அவர் அடையாளங்கள்.

மேயரான பின்னும் லாக்சன் மைக்கை விடவில்லை. 1952இல் ஒரு நீதிபதியைக் கண்டித்து வானொலியில் பேசினார். நீதிபதி அவதூறு வழக்குத் தொடுத்தார். குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோ அந்த வழக்கைக் காரணம் காட்டி மேயரை இடைநீக்கம் செய்தார். கிரினோவை லாக்சன் விமரிசிக்காத நாள் அரிது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். லாக்சன் உச்ச நீதிமன்றம் போனார். 1953 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: வானொலியில் பேசியது மேயர் வேலையோடு தொடர்புடைய முறைகேடு அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைச் சட்டத்தில் சொல்லியுள்ள காரணம் இல்லாமல் குடியரசுத் தலைவர் தன் விருப்பத்துக்கு இடைநீக்கம் செய்ய முடியாது. லாக்சன் நகர மண்டபத்துக்குத் திரும்பினார்.

தேர்தல் நடந்த நாளைவிட, மேயர் பதவி தன் காலில் நிற்கத் தொடங்கிய நாள் இந்தத் தீர்ப்பு வந்த நாள்தான் என்பது என் எண்ணம். பெர்னாண்டஸுக்கு விலகுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லாக்சனால் எதிர்த்து நின்று திரும்பி வர முடிந்தது. 1955, 1959 தேர்தல்களிலும் வென்றார். கியாபோ சுரங்க நடைபாதை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மணிலா உயிரியல் பூங்கா 1959இல் அவர் காலத்தில் திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கே போவார் என்று பேசப்பட்ட நேரத்தில், 1962 ஏப்ரலில் திடீரென இறந்துபோனார்.

அவருக்குப் பின் துணை மேயர் அந்தோனியோ வில்லேகாஸ் மேயரானார். இந்த வாரிசு முறை இன்றும் உண்டு: மேயர் இறந்தாலோ நீக்கப்பட்டாலோ, மீதிக் காலத்துக்குத் துணை மேயர் தானாகவே மேயராவார். வில்லேகாஸ் காலத்தில்தான், 1965இல் இயற்றிய சட்டத்தின்படி, மணிலா நகரப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரு நகராட்சி தன் பணத்தில் இலவசமாகப் பல்கலைக்கழகம் நடத்தியது அந்நாட்டில் அதற்கு முன் இல்லாத ஒன்று.

1971 ஆகஸ்ட் 21 இரவு. கியாபோவில் உள்ள பிளாசா மிராண்டாவில் லிபரல் கட்சியின் வேட்பாளர் அறிமுகக் கூட்டம். மேடை மீது இரண்டு கையெறி குண்டுகள் வந்து விழுந்தன. ஒன்பது பேர் மாண்டார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கட்சியின் மேயர் வேட்பாளர் ராமோன் பகட்சிங் ஒரு காலை இழந்தார். அந்த நவம்பரில் அவரே வென்றார். பெயரைப் பார்த்தாலே ஐயம் வரும், சரியான ஐயம்தான்: அவர் தந்தை வழியில் இந்தியர், பகத் சிங் என்ற பெயர்தான் அங்கே பகட்சிங் ஆனது.

நான்கு ஆண்டுகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பகட்சிங் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். மக்கள் ஆதரவு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. 1972 செப்டம்பரில் பெர்டினாண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1980 ஜனவரியில்தான் நடந்தது. அதுவரை பதவி நீடிப்பது மார்க்கோஸின் தயவு. 1975 நவம்பரில் மணிலாவையும் சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்து, மொத்தம் 17 உள்ளாட்சிகளுக்கும் மேலே ஒரு பெருநகர ஆணையத்தை மார்க்கோஸ் உருவாக்கினார். அதன் ஆளுநர் யார் தெரியுமா? மனைவி இமெல்டா. மேயர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு மேலே ஓர் ஆளுநரும் இருந்தார், அவர் வீட்டிலேயே குடியரசுத் தலைவரும் இருந்தார். (இமெல்டாவின் பெரியப்பா முறையான மிகுவேல் ரொமுவால்டெஸ் 1924 முதல் 1927 வரை மணிலா மேயராக இருந்தவர். இந்த நாட்டு அரசியலில் எந்தப் பெயரைத் தொட்டாலும் ஒரு குடும்ப மரம் அசையும்.)

1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி மார்க்கோஸை விரட்டியது. கொரசோன் அக்கினோ அரசு, நாடெங்கும் இருந்த பழைய உள்ளாட்சித் தலைவர்களை நீக்கிவிட்டுப் பொறுப்பு அதிகாரிகளை அமர்த்தியது. மணிலாவுக்கு மெல் லோபஸ் அப்படித்தான் வந்தார். ஜனநாயகத்தை மீட்க வந்த அரசும் முதல் வேலையாக மேயர்களை நியமித்ததில் ஒரு முரண் உண்டு. 1988 ஜனவரித் தேர்தலில் லோபஸ் வாக்கு பெற்றே மேயரானார்.

இன்றைய மேயர் பதவிக்கு இரண்டு தூண்கள். ஒன்று, 1987 அரசியலமைப்பு: பதவிக் காலம் மூன்று ஆண்டுகள், தொடர்ச்சியாக மூன்று முறைக்கு மேல் கூடாது. இன்னொன்று, 1992 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பு. சுகாதாரம், சமூக நலம் போன்ற பணிகளை மத்திய அரசிடமிருந்து இறக்கி உள்ளாட்சிகளிடம் கொடுத்ததோடு, தேசிய வரி வருவாயில் 40 விழுக்காட்டையும் பகிர்ந்து தரச் சொன்னது அது. அதில் நகரங்களின் பங்கு 23 விழுக்காடு. மக்கள்தொகை, பரப்பு, சமபங்கு என்று ஒரு சூத்திரப்படி அது தானாக வந்து சேர வேண்டும்.

சரி, மேயர் என்னதான் செய்கிறார்? நகர வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கிறார். துறைத் தலைவர்களை நியமிக்கிறார். கடை, உணவகம், தொழிற்கூடம் எது திறக்க வேண்டுமானாலும் அவர் அலுவலகத்தின் உரிமம் வேண்டும். போலீஸ் தேசிய அமைப்பு. ஆனாலும் நகரப் போலீஸ் தலைவரை, மேலிடம் தரும் பட்டியலிலிருந்து மேயர் தேர்ந்தெடுக்கலாம். கான்லி விவகாரத்திலிருந்து எத்தனை தூரம் வந்திருக்கிறது பாருங்கள். நகர மன்றம் இயற்றும் விதிகளை அவர் மறுக்கலாம்; மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்தால் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். மன்றத்துக்குத் தலைமை தாங்குவது மேயர் அல்ல, துணை மேயர். இருவரையும் மக்கள் தனித்தனியே தேர்ந்தெடுப்பதால், மேயர் ஒரு கட்சி, துணை மேயர் எதிர்க்கட்சி என்று அமைவதும் உண்டு. அப்போது நகர மண்டபத்தில் நடக்கும் கூத்தைத் தனியே எழுதலாம். மணிலா போன்ற பெருநகரில் மேயராக நிற்பவருக்கு வயது 23 நிறைந்திருக்க வேண்டும், ஓராண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். கல்வித் தகுதி எதுவும் கிடையாது. பிலிப்பினோவிலோ உள்ளூர் மொழியிலோ எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இத்தனை அதிகாரத்துக்கும் வேலி எது? மீண்டும் நீதிமன்றம்தான். முன்னாள் போலீஸ் அதிகாரி ஆல்பிரெடோ லிம் 1992இல் மேயராகி, எர்மிட்டா, மலாத்தே பகுதிகளில் இருந்த இரவு விடுதிகள்மீது பாய்ந்தார். மசாஜ் நிலையம், கரோக்கே கூடம் போன்றவை மூன்று மாதத்தில் இடம்பெயர வேண்டும் அல்லது வேறு தொழிலுக்கு மாற வேண்டும் என்று 1993இல் நகர விதியே வந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது. நோக்கம் எதுவானாலும், சட்டப்படி நடக்கும் தொழிலை இப்படித் துடைத்தெறிய முடியாது என்பது சாரம். லுக்பானுக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு கழிந்தும், அதே நகரம், அதே ஒழுக்கக் கவலை. ஆனால் இம்முறை யாரும் நள்ளிரவில் கப்பலேற்றப்படவில்லை.

மூன்று முறை வரம்பைக் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதற்கு மணிலாவைவிட டாவாவ் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ரொட்ரிகோ டுட்டெர்டே 1988 முதல் மூன்று முறை மேயர். பிறகு நாடாளுமன்றம் போய்விட்டு, 2001இல் திரும்பி வந்து மீண்டும் மூன்று முறை. 2010இல் மகள் சாரா மேயர், தந்தை துணை மேயர். 2013இல் மறுபடியும் தந்தை. 2016இல் அவர் குடியரசுத் தலைவர். 2025 மே மாதம், தி ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றக் காவலில் இருந்தபடியே டாவாவ் மேயராக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ‘தொடர்ச்சியாக’ என்ற சொல் சட்டத்தில் இருக்கும்வரை, நடுவில் ஒரு முறை இறங்கி ஏறினால் போதும்.

மணிலாவில் 2013க்குப் பிந்தைய ஆண்டுகள் வேறு விதம். 2001இல் குடியரசுத் தலைவர் பதவியை இழந்து, 2007இல் ஊழல் வழக்கில் தண்டனையும் அடுத்த மாதமே மன்னிப்பும் பெற்ற ஜோசப் எஸ்ட்ராடா, 2013இல் லிம்மைத் தோற்கடித்து மேயரானார். அவர் போட்டியிட்டது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 2019இல் அவரைத் தோற்கடித்தவர் இஸ்கோ மொரேனோ. டோண்டோவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பழைய காகிதமும் பாட்டிலும் பொறுக்கி, பின்னர் நடிகராகி, துணை மேயராகவும் இருந்தவர். 2022இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். அவருடைய துணை மேயராக இருந்த மருத்துவர் ஹனி லகுனா, அந்தத் தேர்தலில் மணிலாவின் முதல் பெண் மேயரானார். 2025 மே மாதம் மொரேனோ திரும்பி வந்து, லகுனாவையே தோற்கடித்தார். அவரோடு துணை மேயராக வென்ற சி அட்டியென்சா, 1998 முதல் 2007 வரை மேயராக இருந்த லிட்டோ அட்டியென்சாவின் மகள்.

2019இல் தொடங்கிய முதல் பதவிக்காலம் 2022இல் முடிந்துவிட்டதால், மொரேனோவுக்கு வரம்பின் கணக்கு 2025 ஜூன் 30 முதல் புதிதாகத் தொடங்குகிறது. வாக்காளர்கள் விரும்பினால் 2034 ஜூன் வரை அவர் இருக்கலாம்.